பேர் கூப்பிடும் வரைக்கும்

மணி அடித்ததும் அந்தப் பள்ளிக்கூடத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வெள்ளை கொட்டியது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மாடிப் படியிலிருந்து, கீழ் வகுப்புகளிலிருந்து, பின்னால் இருந்த நீளக் கட்டடத்திலிருந்து, எங்கே பார்த்தாலும் வெள்ளை உடுப்பு, இரட்டைச் சடை, சடை நுனியில் ரிப்பன். முற்றம் நிரம்பிவிட்டது. அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம், தகரக் கூரையில் மழை விழுவது மாதிரி இருந்தது.

நான் வாகை மரத்தடியில் நின்றிருந்தேன். கையில் வாழையிலையில் கட்டிய தேங்காய் ரொட்டியும் மாசிச் சம்பலும். அந்த வெள்ளைக்குள் எங்கேயோ என் மகள் ராணி இருக்கிறாள். எது அவள் என்று தெரியவில்லை.

பெற்றவளுக்கே தெரியவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். மடுல்சீமையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்றால், எதிர் மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் யார் யார் என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டியிருக்கும் விதம், தலைத்துண்டின் நிறம், கூடை சாய்ந்து கிடக்கும் தோள், இதெல்லாம் முகத்தைவிட நிச்சயம். இங்கே எதை வைத்துப் பிடிப்பது? எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள்.

மணி மறுபடி அடித்தது. வெள்ளை எல்லாம் உள்ளே வற்றிவிட்டது. முற்றத்தில் ஒரு ரிப்பன் மட்டும் கிடந்தது. அதை எடுத்துத் தூசி தட்டி, மரத்தில் கிளை வெட்டிய முண்டின் மேல் போட்டுவைத்தேன். யார் வீட்டுப் பிள்ளையோ, தேடும்.

போன வாரம் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கூரை காற்றில் பறந்த கதையை எழுதியிருந்தேன். இந்த வாரம் தோட்டத்தை விட்டு இறங்கிப் பதுளைக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். ராணி படித்த பெரிய பள்ளிக்கூடத்துக்கு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வருஷத்தைச் சரியாகச் சொல்ல என்னால் முடியாது. ராணிக்குச் சடை இடுப்பைத் தொட்ட வருஷம் என்றுதான் எனக்குத் தெரியும்.

ராணியின் அப்பா இருந்தவரை

பள்ளிக்கூடக் காரியம் எல்லாம் அவர்தான் பார்த்தார். ராணி ஐந்தாம் ஆண்டு சோதனையில் பாஸ் பண்ணியபோது, தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர் லயத்துக்கே வந்து சொன்னார். "இந்தப் புள்ளய இங்க வச்சிருக்காதீங்க. பதுளையில கொண்டுபோய் விடுங்க. விடுதி இருக்கு."

ராணியின் அப்பா அன்றைக்கே தகரப் பெட்டிக்குப் பச்சைச் சாயம் அடித்தார். சாயம் காயுமுன் ராணி தொட்டுப் பார்த்ததில், அவள் விரல் அடையாளம் மூடியில் விழுந்துவிட்டது. திட்டப் போகிறார் என்று பார்த்தேன். "இருக்கட்டும், பெட்டி மாறிப் போகாது," என்றார்.

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் நடக்க, ராணி பின்னால் போனாள். நான் லயத்து முனைவரைக்கும்தான் போனேன். அன்றைக்கு மலைக்கு வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும், இரண்டு பேரும் போய் என்ன செய்வது என்று அவர் சொன்னார். அதுவும் உண்மைதான். ஆனால் நானும் பின்னாலேயே போயிருந்தால் அந்த முதல் நாளில் அவள் எங்கே உட்கார்ந்தாள் என்று பார்த்திருப்பேன். அந்த நினைப்பு எனக்குப் பல வருஷம் இருந்தது.

ராணி ஏழாம் ஆண்டு படிக்கும்போது அவர் போய்விட்டார். நெஞ்சில் சளி கட்டி, பதுளை ஆஸ்பத்திரியில். அதைப் பற்றி வேறொரு வாரம் எழுதுவேன், எழுத முடிந்தால்.

இத்தனை வாரமும் அவர் பேரை நான் எழுதவில்லை என்பதைச் சிலர் கவனித்திருக்கலாம். எங்கள் ஆட்களில் பெண்சாதி புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். ஆஸ்பத்திரியில் தாதி மிஸ்ஸி கேட்டபோதும், பஸ்ஸை நிறுத்திச் சோதித்த பட்டாளத்துப் பையன் கேட்டபோதும் நான் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நிற்பவர் முகத்தைத்தான் பார்த்தேன். பக்கத்தில் யாராவது இருந்து சொல்லிவிடுவார்கள். எனக்கு அவர் எப்போதும் "ராணியப்பா"தான்.

அவர் போன பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து எந்தச் செய்தி வந்தாலும் அது என் மேல்தான் வந்து விழுந்தது. எனக்கோ லயத்தில் அடுத்த வீட்டுக் காம்பிராவுக்குப் போய்ச் சீனி கேட்கவே வெட்கம். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு அறை. ஒரு மாஸ்டர், ஐந்து வகுப்பு. அதில் படித்து, கூடை எடுக்கிற உயரம் வந்ததும் மலைக்கு ஏறியவள் நான். அந்த ஒரு அறைதான் எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடம். மாடியும் படிக்கட்டுமாகப் பள்ளிக்கூடம் இருக்கும் என்று சொல்லக் கேட்டதோடு சரி.

"இதென்ன கலியாண ஊடா?"

ஒன்பதாம் ஆண்டில் ராணி விடுமுறைக்கு வந்தபோது சொன்னாள். "அம்மா, அடுத்த மாசம் பெற்றோர் கூட்டம். ஒவ்வொரு புள்ளைக்கும் பக்கத்துல ஒரு கதிரை போடுவாங்க. அம்மாவோ அப்பாவோ வந்து அதுல உக்காரணும். போன வருஷம் முழுக்க என் பக்கத்துக் கதிரை சும்மாதான் இருந்துச்சு. இந்தத் தடவ நீ வந்தே ஆகணும்."

"வாறேன்," என்றேன்.

"வாறேன்னு சொல்லிட்டு வராம இருக்கக் கூடாது."

"வாறேன் புள்ள."

எனக்கும் ஆசைதான். அவள் படிக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும், அவள் உட்காருகிற கதிரையை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும். மாதக் கணக்கில் கண்ணுக்கு மறைவாக இருக்கிற பிள்ளை. மலையில் நிற்கும்போது திடீரென்று, இந்நேரம் அவள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பாள் என்று நினைப்பேன். நினைக்க ஓர் இடம் வேண்டுமே. எனக்கு அந்த இடம் தெரியாது. அதனால் எங்கள் ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்திலேயே அவளை உட்காரவைத்து நினைத்துக்கொள்வேன். அதுவோ அவளுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை.

விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டேன். கல்யாணத்துக்குப் போகிற சேலையை உடுத்தினேன். பசறைவரைக்கும் பாதை குலுக்கிய குலுக்கலில் சேலை மடிப்பெல்லாம் போய்விட்டது. பதுளையில் இறங்கி, கேட்டுக் கேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டேன்.

கேட் திறந்திருந்தது. ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். டையும் சப்பாத்துமாக ஆண்கள், குடை பிடித்த பெண்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. நேராகப் படியேறி உள்ளே போனார்கள். நானும் கேட்டைத் தாண்டினேன். முற்றத்தில் பாதி தூரம் போனதும் கால் நின்றுவிட்டது. பக்கத்தில் வாகை மரம் இருந்தது. அதன் அடியில் போய் நின்றேன்.

கேட்டுக்கு எதிரே ஒரு சின்னக் கடை. பென்சில், கொப்பி, இனிப்பு விற்கிற கடை. கடைக்காரர் ஒரு முஸ்லிம் நானா. அங்கிருந்தே கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பிளேன்டீயைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார்.

"குடிங்க தங்கச்சி. எந்தத் தோட்டம்?"

சொன்னேன்.

"கூட்டத்துக்குத்தானே வந்தீங்க? ஏன் இங்க நிக்கிறீங்க? உள்ளுக்குப் போங்களே."

"கூப்பிடுவாங்க நானா."

"யாரு கூப்பிடுவாங்க?"

"யாராச்சும்."

நானா தலையைச் சொறிந்தார். "இதென்ன கலியாண ஊடா, வெத்தில வெச்சுக் கூப்பிட? எல்லாரும் அவங்கவங்கபாட்டுக்குப் போறாங்கதானே."

நான் சிரித்தேன். டீயைக் குடித்தேன். அங்கேயே நின்றேன்.

பிடிவாதம் இல்லை. பயம்கூட இல்லை. பேர் சொன்னால் போய்விடலாம் என்று தயாராகத்தான் நின்றேன். காதை மாடிப் பக்கமே வைத்திருந்தேன். இடைவேளை மணி அடித்து வெள்ளை கொட்டியதும் வற்றியதும் அப்போதுதான். அதன் பிறகு உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராக வெளியே வர ஆரம்பித்தார்கள். கூட்டம் முடிந்துவிட்டது என்பதே எனக்கு அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

எங்கள் பக்கத்து பஸ் பகலோடு போய்விடும். ரொட்டியை நானாவிடம் கொடுத்தேன். "ஒன்பதாம் ஆண்டு ராணின்னு கேட்டுக் குடுத்துருங்க நானா."

"ஐயோ தங்கச்சி," என்றார் நானா.

பெரட்டுக்களம்

அடுத்த விடுமுறைக்கு ராணி வந்தாள். வந்த நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. எப்போதுமே வீட்டில் அதிகம் பேசாத பிள்ளைதான், ஆனால் இது வேறு மாதிரி. தேங்காய் துருவிக் கொடுத்தாள், தண்ணீர் எடுத்து வந்தாள், சட்டியைத் தேய்த்தாள். எல்லாம் வாயை மூடிக்கொண்டு.

அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது கேட்டாள்.

"நானா சொன்னாரு. நீ காலையிலேருந்து மரத்தடியிலயே நின்னியாம்."

"ஆமா."

"நான் இடைவேளைக்குக்கூட கீழ எறங்கல. நீ வந்து நான் இல்லாட்டி தேடுவியேன்னு கதிரையப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். நீ கீழயே நின்னுருக்க. ஏன் உள்ள வரல?"

"கூப்பிடலியே புள்ள."

"யாரு கூப்பிடணும்? அது என் பள்ளிக்கூடம்மா. என்னைப் பாக்க வாறதுக்கு ஒனக்கு யாரு வந்து கூப்பிடணும்?"

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "ஒனக்கு அங்க வரப் பிடிக்கல. அதான்," என்றாள். "இனி நான் கேக்கமாட்டேன்."

அதுதான் என்னைக் குத்தியது. இனிக் கேட்கமாட்டாளாம். கேட்காவிட்டால் நான் எப்படிப் போவேன்?

மறுநாள் விடியலில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவளும் எழுந்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு கூடவே வந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பெரட்டுக்களம் எங்கள் லயத்துக்கு மேலே ஒரு மேடு. வேலைக்குப் போகிற ஆட்கள் எல்லாரும் காலையில் அங்கேதான் கூட வேண்டும். அன்றைக்கு நல்ல பனி மூட்டம். எதிரே நிற்கிறவள் முகம் தெரியாது. எல்லாரும் கூடையும் சாக்குமாக நின்றிருந்தோம்.

கணக்கப்பிள்ளை ஒரு கல்லின் மேல் ஏறி நின்று பேர் கூப்பிடுவார். அதைத்தான் பெரட்டு என்போம். எங்கள் தோட்டத்தில் என்னைப் போல அங்கம்மாக்கள் நிறைய. அதனால் அப்பன் பேரை முன்னால் சேர்த்துத்தான் கூப்பிடுவார். என் அப்பா பேர் கருப்பையா.

"கருப்பையா அங்கம்மா!"

"இருக்கேனுங்க!"

"ஏழாம் நம்பர் மலை! போ!"

பேர் சொல்லி, மலை சொன்னால்தான் நடக்கலாம். அதற்கு முன்னால் ஓரடி எடுத்துவைக்கக் கூடாது. புதிதாகப் பேர் பதிந்த ஒரு குமரி அன்றைக்குக் குளிர் தாங்காமல் முன்னாலேயே நடக்கப் பார்த்தாள். "யாரம்மா அது? மகாராணிக்கு அவசரமோ? நில்லு அங்க!" என்று கணக்கப்பிள்ளை போட்ட சத்தத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவள் பின்னால் வந்து நின்றுகொண்டாள். நானும் பேர் பதிந்த புதிதில் அப்படி ஒரு தடவை வாங்கிக் கட்டியிருக்கிறேன். பிறகு என் கால் பழகிவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் பேர் சொல்லுமுன் நகர்ந்ததில்லை.

ஏழாம் நம்பருக்குப் போகிற பாதையில் திரும்பிப் பார்த்தேன். ராணி இன்னும் மேட்டில்தான் நின்றிருந்தாள். பனிக்குள் சால்வை மட்டும் தெரிந்தது. கணக்கப்பிள்ளை கடைசிப் பேரைக் கூப்பிடும்வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

சாயந்தரம் நான் வந்தபோது வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். என் காலில் அட்டை கடித்த இடத்துக்குச் சுண்ணாம்பு தடவிவிட்டாள். "அடுத்த தவணையும் கூட்டம் இருக்கும்மா," என்றாள். "நீ வா. மரத்தடியிலயே நில்லு. வேற ஒண்ணும் செய்யாத."

ஒன்பது பி

போனேன். அதே சேலை, அதே பஸ், அதே வாகை மரம். கடை நானா என்னைக் கண்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இன்னைக்கும் மரத்துக்குத்தானா கூட்டம்?"

முற்றம் நிறைய ஆட்கள். படிக்கட்டு நிறையப் பிள்ளைகள். மாடி வராந்தாவில் வெள்ளையாக ஒரு வரிசை நின்றது. அதில் எது ராணி என்று இந்தத் தடவையும் எனக்குத் தெரியவில்லை.

அப்போது அந்த வரிசையிலிருந்து ஒரு பிள்ளை முன்னால் வந்தது. வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, எங்கள் கணக்கப்பிள்ளையின் அதே ராகத்தில்,

"கருப்பையா அங்கம்மா!"

மகள் தாயைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் அதை யோசிக்க நேரமில்லை. என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துவிட்டது.

"இருக்கேனுங்க!"

மலைக்கு மலை கேட்கிற குரல் அது. அந்த முற்றத்துக்கு ரொம்பப் பெரிசு. டை கட்டியவர்கள், குடை பிடித்தவர்கள், எல்லாரும் திரும்பினார்கள். மாடியில் பிள்ளைகள் குபீரென்று சிரித்தார்கள். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. ராணி மட்டும் சிரிக்கவில்லை. கை நீட்டி மலை காட்டினாள்.

"ஒன்பது பி! மேல் மாடி! போ!"

கால் நடந்துவிட்டது. முற்றத்தைத் தாண்டியது, படியேறியது. கீழ்ப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினேன், அது வேறு கதை. பின்னால் நானா, "அல்லாஹ்வே, இவ்வளவுதானா விஷயம்!" என்று சொல்லிச் சிரித்தது காதில் விழுந்தது.

மேல் மாடியில் ராணி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கையில் வராந்தாக் கம்பி அழுந்திய தடம் சிவப்பாக இருந்தது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அத்தனை பேர் முன்னால் அப்படிக் கூப்பிட அவளுக்கும் சுலபமாக இருக்கவில்லை.

வகுப்பில் மெழுகு பூசிய தரை வாசமும் சோக்குத் தூள் வாசமும் அடித்தது. ஜன்னல் ஓரமாக இரண்டாவது மேசை. பக்கத்தில் ஒரு கதிரை. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

"இங்கேருந்து பாரு," என்று ராணி ஜன்னலைக் காட்டினாள். "அந்த மலைக்குப் பின்னால பசறை. அதுக்கும் பின்னால நீ."

இருக்கிற பக்கத்தை நினைத்துப் பார்ப்பது நான் மட்டும்தான் என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

வகுப்பு டீச்சர் யாழ்ப்பாணத்து அம்மா. கண்ணாடி போட்டவர். அவர் வந்ததும் நான் எழுந்துவிட்டேன்.

"இருங்கோ அம்மா, இருங்கோ. ஏன் எழும்புறியள்? உங்கட பிள்ளை நல்ல கெட்டிக்காரி. கணக்கு மட்டும் கொஞ்சம் பார்க்கோணும். ஆனா வாய் இருக்கே, கடவுளே! ஒரு நிமிஷம் மூடுறேல்லை. கதை, கதை, கதை. முழு வகுப்பையும் சிரிக்க வைச்சுப்போட்டுத் தான் ஒண்டும் தெரியாத மாதிரி இருப்பா."

நான் ராணியைப் பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்தாள்.

"வீட்டிலயும் இப்பிடித்தானோ?"

"இல்லீங்க டீச்சர்," என்றேன். "வீட்டுல பேசமாட்டா."

டீச்சர் பெரிதாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிரிப்பும் பேச்சும் எல்லாம் இங்கே, இந்த மெழுகுத் தரை வாசத்துக்குள் கொட்டிக்கிடந்திருக்கிறது. எனக்கு விடுமுறைக்கு வந்தது மிச்சம்தான். குறை சொல்லவில்லை. எவ்வளவு கேட்காமல் விட்டிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"அவவின்ர அப்பா வரேல்லையோ? அவற்ற பேர் என்ன?" என்று டீச்சர் கேட்டார். அவர் அந்தத் தவணைதான் புதிதாக வந்தவர்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு ராணி முகத்தைப் பார்த்தேன். ராணி சொன்னாள். அவர் இல்லை என்பதையும் அவளே சொன்னாள்.

அதன் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எத்தனையோ கூட்டத்துக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் மரத்தடியில்தான் நிற்பேன். ஒவ்வொரு தடவையும் ராணி மாடியிலிருந்து கூப்பிடுவாள். போகப் போக மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். "பத்து பி!" "பதினொண்ணு ஏ!" கால் ஏறிவிடும். கூப்பிடாமல் போகப் பழகிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

மேட்டில் நிற்கும் நேரம்

ராணி உயர்தரம் முடித்து, கொஞ்ச நாள் பசறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படித்துக்கொடுத்தாள். பிறகு கல்யாணம். பிறகு கனடா. அங்கே பாப்பா பிறந்தாள். அந்தப் பச்சைப் பெட்டியைக் கொண்டுபோக விமானத்தில் விடமாட்டார்களாம். அது என்னிடம்தான் இருக்கிறது. மூடியில் அந்த விரல் அடையாளம் அப்படியே இருக்கிறது. பெட்டி மாறிப் போகவில்லை.

எனக்கு அவள் ஒரு கைத்தொலைபேசி அனுப்பினாள். எங்கள் லயத்துக்குள் சிக்னல் கிடையாது. பெரட்டுக்களத்து மேட்டில் மட்டும்தான் கொஞ்சம் எடுக்கும். அதனால் சாயந்தரம் ஆனதும் மேட்டுக்குப் போய் நிற்பேன். அவள் ஞாயிற்றுக்கிழமைதான் எடுப்பாள். நான் எல்லா நாளும் போவேன். வேலையை விட்டுப் பல வருஷமாகிறது. காலையில் எனக்கு அங்கே பேர் கிடையாது. சாயந்தரம் மட்டும்தான்.

ஒரு நாள், ஞாயிறு இல்லை, விளக்கு வைக்கிற நேரத்துக்கு மணி அடித்தது.

"அம்மா, எங்க நிக்கிற?"

"மேட்டுலதான். என்னா புள்ள, இன்னைக்கு? பாப்பாவுக்கு ஒண்ணுமில்லையே?"

"பாப்பா நல்லாருக்கா. அவ ஸ்கூல்ல கூட்டம். அவரு வேலைக்குப் போயிட்டாரு. நான் மட்டும்தான் வந்தேன். இங்க விடிஞ்சு கொஞ்ச நேரம்தான் ஆவுது."

"போனியா?"

"வாசல்லயே நிக்கிறேம்மா. எல்லாரும் உள்ள போயிட்டாங்க. கட்டடம் அவ்வளவு பெருசு. டீச்சர் இங்கிலீசுல என்னத்தக் கேக்குமோ, நான் என்னத்தச் சொல்லுவேனோ. கால் வர மாட்டேங்குது. இங்க ஒரு மரம் இருக்கு. ஒரு இலை கிடையாது. அதுக்குக் கீழதான் நிக்கிறேன்."

"பனியா?"

"பனிதான். காலெல்லாம் நனைஞ்சிருச்சு."

முழு வகுப்பையும் சிரிக்க வைத்த வாய். இப்போது ஒரு வாசலில் அடைத்துக்கொண்டு நிற்கிறது.

"பாப்பா பக்கத்துல கதிரை போட்டிருப்பாங்களா?" என்று கேட்டேன்.

"போட்டிருப்பாங்கம்மா."

"புள்ள கதிரையப் பாத்துக்கிட்டிருக்கும்."

"தெரியும்மா. அதான் ஒனக்கு எடுத்தேன்."

எதற்காக எடுத்தாள் என்று எனக்கு அப்போது புரிந்தது. மேட்டில் யாருமில்லை. கணக்கப்பிள்ளை நிற்கிற கல் காலியாகக் கிடந்தது. என் ஆயுசில் நான் அதில் ஏறியதில்லை. ஏறினேன்.

அப்பன் பேரை முன்னால் சேர்த்து, முழுப் பேராகத்தான் கூப்பிட வேண்டும். சொல்லிக் கொடுக்கப் பக்கத்தில் யாருமில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

"வேலாயுதம் யோகராணி!"

அந்தப் பேரை என் வாய் சொன்னது அதுதான் முதல் தடவை. இப்போது கையும் எழுதிவிட்டது. எதிர் மலையில் போய்த் திரும்பி வந்தது அது. வேலாயுதம் என்பது மட்டும் தெளிவாகத் திரும்பி வந்தது.

அவளும் அப்பா பேரை என் வாயால் கேட்டதில்லை. பிறகு, அந்த ஊரில் பக்கத்தில் யார் நின்றார்களோ, என்ன நினைத்தார்களோ,

"இருக்கேனுங்க!"

"பாப்பா வகுப்பு! உள்ள! போ!"

"சரிங்க," என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. தொலைபேசியை அணைக்க மறந்துவிட்டாள். சப்பாத்து பனியில் நறநறவென்று நடப்பது கேட்டது. ஒரு கதவு திறந்தது. அப்புறம் நிறையப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம், தகரக் கூரையில் மழை விழுவது மாதிரி. அந்தச் சத்தத்துக்குள் அவள் போனாள். அதோடு தொலைபேசி நின்றுவிட்டது.

நான் கல்லைவிட்டு இறங்கவில்லை. பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்த கீழ் லயத்து முத்துமாரி அண்ணாந்து பார்த்தாள்.

"என்னாக்கா, இந்நேரத்துல பெரட்டு?"

"ஆமா புள்ள. ஒரு ஆளுக்கு மட்டும்," என்றேன். "தூர மலைக்கு அனுப்பியிருக்கேன்."